பாண்டியன் வாங்காத குதிரை

குதிரை என்று சொன்னவுடனே நம் மனத்தில் ஒரு ராஜாவும் கூடவே வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறார். சரித்திர நாவல் படிக்கிற பழக்கத்தின் பலன் இது. காற்றாய்ப் பறக்கும் புரவி, அதன் முதுகில் வாளேந்திய வீரன், பின்னால் எழும் புழுதிப் படலம், இவ்வளவும் இல்லாமல் எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்கு முதல் அத்தியாயம் நகர்வதில்லை. அந்தக் குதிரை எங்கே பிறந்தது, என்ன விலைக்கு வந்தது, நம் நாட்டில் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதையின் வேகம் குறைந்துவிடும். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. ஆகையால் கேட்டுப் பார்க்கலாம்.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகும் வழியில் சுந்தரபாண்டியம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் ராஜபாளையத்துக்காரர்களுக்கும் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறி ஓசை கேட்கும் ஊர். சேலைக்குப் பேர்போன ஊர். மேற்கே பார்த்தால் மலை. சதுரகிரியும் அதைச் சேர்ந்த தொடர்களும் நீலச் சுவராக நிற்கும். ஊரின் பெயரில் ஒரு பாண்டியன் நிற்கிறான். சுந்தர பாண்டியன் என்ற பெயரை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1216-இல் பட்டத்துக்கு வந்து சோழ நாட்டைக் கைக்கொண்ட மாறவர்மன் ஒருவன். 1251-இல் பட்டத்துக்கு வந்து திருவரங்கத்துக்கும் தில்லைக்கும் பொன் வேய்ந்த சடையவர்மன் ஒருவன். அவர்களுக்குப் பின்னும் அதே பெயரில் சிலர். மதுரையில் கோயில் கொண்ட சொக்கநாதரே சுந்தர பாண்டியனாக இருந்து ஆண்டார் என்றும் புராணம் சொல்கிறது.

பெயரில் பாண்டியனும் கண்ணெதிரே மலையும் உள்ள இந்த ஊரிலே நின்றுகொண்டு இரண்டு குதிரைகளைப் பற்றி நினைக்கத் தோன்றுகிறது. ஒன்று பாண்டியன் கடல் கடந்து பொன் கொடுத்து வாங்கியது. மற்றொன்று அவன் ஏறெடுத்தும் பார்க்காதது. மலைப்பாதையில் பொதி சுமக்கும் மட்டக்குதிரை. முதலாவதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இரண்டாவதைப் பற்றி எழுதியவர்கள் மிகக் கொஞ்சம்.

*

கடல் வழியாகக் குதிரை வருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து இறங்கிய பொருள்களைச் சொல்ல வந்த பட்டினப்பாலை ஆசிரியர், முதலில் நினைத்ததே கடலில் வந்த குதிரைகளைத்தான். பிற்காலக் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மலைமண்டலம் என்றால் இன்றைய கேரளம். மேற்குக் கடற்கரையில் இறங்கிய அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கி மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்ற வணிகர்கள் அவர்கள்.

இந்த வியாபாரம் உச்சத்தை எட்டியது பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில். தாமிரபருணி கடலில் கலக்கும் இடத்துக்கருகே இருந்த காயல்தான் துறைமுகம். அந்தக் காலத்தில் இரண்டு வெளிநாட்டார் இதைப் பற்றி எழுதிவைத்தார்கள். ஒருவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1292, 1293-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கரையைக் கண்டவர். மற்றவர் பாரசீகத்துச் சரித்திரக்காரர் வசாப்.

போலோ சொல்லும் கணக்கைக் கேளுங்கள். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். அவனுடைய சகோதரர்கள் நால்வரும் அதேபோல வாங்குகிறார்கள். ஒரு குதிரையின் விலை நூறு மார்க்கு வெள்ளிக்கும் அதிகம். ஆனால் வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், வாங்கியவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை! மறு வருஷம் மறுபடியும் கப்பல் வருகிறது. மறுபடியும் பொன் போகிறது.

வசாப் தரும் கணக்கு இதைவிடத் தெளிவானது. பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவுக்கு அதிபதியாக இருந்த ஜமாலுத்தீன் என்ற பெரு வணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாகப் பாண்டிய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் குதிரை செத்துப்போனாலும் விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஷரத்து. வியாபாரிக்கு இதைவிட வேறென்ன பாக்கியம் வேண்டும்? அந்த ஜமாலுத்தீனின் சகோதரரே காயலில் இருந்துகொண்டு பாண்டியனுக்கு ஆலோசனை சொல்லும் பெரிய பதவியிலும் இருந்தார். விற்கிறவரின் தம்பி வாங்குகிறவருக்கு மந்திரி. இந்த ஏற்பாட்டின் அழகை விளக்க வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு தொகையையும் வசாப் தருகிறார். அதற்கு முந்திய தலைமுறையில், பாரசீகத்தை அபூபக்கர் என்ற அதாபேக் ஆண்ட காலத்தில், நம் கரைக்கும் காம்பே முதலிய துறைகளுக்குமாக ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் போயின என்றும், அவற்றின் விலை 22 லட்சம் தினார் என்றும் எழுதுகிறார். பதினாயிரத்தை 220-ஆல் பெருக்கினால் அதே 22 லட்சம் வருகிறது. கோயில்களுக்கு வந்த வருமானத்தின் மிகுதியிலிருந்தும் தேவரடியார்கள் மீது போட்ட வரியிலிருந்தும் இந்தப் பணம் கொடுக்கப்பட்டதாம். முத்துக் குளித்தும் நெல் விளைத்தும் தமிழ்நாடு சேர்த்த பொன் எந்த வழியாக வெளியே போயிற்று என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் கிடையாது.

குதிரைகள் ஏன் செத்தன? போலோ ஒரு காரணம் சொல்கிறார்: இந்த நாட்டில் குதிரை வைத்தியம் அறிந்த லாடக்காரர்கள் இல்லை, அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி அரபு வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை பிழைத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் அல்லவா? வேறொன்றும் சொல்கிறார். இங்கே குதிரைகளுக்கு இறைச்சியைச் சோற்றோடு கலந்து சமைத்துப் போடுகிறார்களாம். வசாப்போ வறுத்த தானியத்தையும் வெண்ணெயையும் காய்ச்சிய பாலையும் சொல்கிறார். கொழுப்பதற்காக நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப் போடுகிறார்கள். பிறகு பழக்காமலே ஏறிப் பேய்போல ஓட்டுகிறார்கள். எவ்வளவு பெரிய குதிரையும் சில நாளில் ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறது என்கிறார். நம் முன்னோர் குதிரையை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விருந்தாளிக்கு உபசாரம் செய்வதைப் போலவே குதிரைக்கும் செய்திருக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால், வந்தது மாப்பிள்ளை அல்ல, புல் தின்னும் பிராணி.

இவற்றோடு அந்த இருவருக்கும் தெரியாத ஒரு காரணமும் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் இளைக்க வைத்துக் கொல்லும் 'சர்ரா' என்ற காய்ச்சலின் கிருமியை 1880-இல் பஞ்சாபில் கிரிபித் எவான்ஸ் என்ற ராணுவ மிருக வைத்தியர் கண்டுபிடித்தார். மாடுகளை மொய்க்கும் கடி ஈக்களால் பரவுவது அது. நெல் வயலும் நீர்நிலையும் மாட்டுத் தொழுவமும் சூழ்ந்த நாட்டில் வறண்ட பாலைவனத்துக் குதிரை எப்படிப் பிழைக்கும்? அது ஓடியாடி மேய்வதற்குத் திறந்த புல்வெளியும் இங்கே இல்லை.

பாண்டியனுக்கு மட்டும் நேர்ந்த பைத்தியம் என்றும் இதைச் சொல்வதற்கில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் விஜயநகரத்திலும் இதே கதைதான். நூனிஸ் என்ற போர்ச்சுக்கீசியக் குதிரை வியாபாரி எழுதிவைத்திருக்கிறார்: சாளுவ நரசிம்மர் காலத்தில் கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் முழு விலை கிடைத்ததாம். வாலுக்கு விலை கொடுத்த மன்னர்களின் பரம்பரை நம்முடையது.

மாணிக்கவாசகரின் கதையை இந்தக் கணக்குகளோடு சேர்த்துப் படித்தால் புதிய பொருள் படுகிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்குவதற்காகக் கருவூலத்தைத் திறந்து மந்திரி வாதவூரரைக் கீழைக் கடற்கரைக்கு அனுப்புகிறான். அவர் திருப்பெருந்துறையில் அந்தப் பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரைச் சேவகனாக ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வருகிறார். அன்றிரவே பரிகள் பழையபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டுக் காட்டுக்கு ஓடுகின்றன. பக்தர்களுக்கு இது திருவிளையாடல். வசாப்பின் கணக்கைப் படித்தவனுக்கோ இதில் இன்னொரு விஷயமும் தெரியும். காலையில் லாயத்துக்குப் போய்ப் பார்த்தால் நேற்று வாங்கிய குதிரை இல்லை என்பது பாண்டிய நாட்டில் யாரும் கற்பனை செய்ய வேண்டிய காட்சியே அல்ல. புராணம் ஒரே இரவில் முடித்ததைச் சரித்திரம் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு முடித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் அந்தக் குதிரைகளாவது ராஜ்யத்தைக் காப்பாற்றினவா? குலசேகரனுடைய பிள்ளைகள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் பட்டத்துக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த சமயம், 1311-இல் மாலிக் காபூர் தெற்கே வந்தான். திரும்பும்போது அவன் ஓட்டிக்கொண்டுபோன குதிரைகள் ஐயாயிரம் என்கிறார் அமீர் குஸ்ரு. இருபதாயிரம் என்கிறார் பரணி. எது சரியாயினும், கோயில் பணத்தில் வாங்கிய குதிரைகள் கோயில்களைக் கொள்ளையடித்தவனோடு தில்லிக்குப் போய்ச் சேர்ந்தன என்பது மட்டும் நிச்சயம்.

*

இனி இரண்டாவது குதிரைக்கு வருவோம்.

போலோ ஒரு வாக்கியத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். இந்த நாட்டில் நல்ல உயர்ந்த குதிரையையும் உயர்ந்த பெட்டைக் குதிரையையும் சேர்த்தால்கூடப் பிறப்பது சிறிய குட்டிதான். கால் கோணியது, சவாரிக்கு உதவாதது என்கிறார். பாண்டியனின் லாயக்காரர்கள் அந்தக் குட்டியைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். சவாரிக்கு உதவாதது வேறு எதற்கு உதவும் என்று கேட்கும் வழக்கம் அரண்மனைகளில் இல்லை.

அரண்மனைக்கு வெளியே அந்த வழக்கம் இருந்தது. நம் மொழியே அதற்குச் சாட்சி. பெரிய குதிரைக்குப் பரி, புரவி, இவுளி, கலிமா என்று புலவர்கள் அடுக்கினார்கள். சிறிய குதிரைக்குப் பொதுஜனங்கள் பெயர் வைத்தார்கள். மட்டம் என்றார்கள், மட்டக்குதிரை என்றார்கள். வடக்கே 'தட்டு' என்று வழங்கிய நாட்டுக் குதிரை இங்கே வந்து தட்டுவாணி ஆயிற்று. தோள் உயரம் நான்கடி, நாலரை அடி, தடித்த கழுத்து, உருண்ட வயிறு, குட்டையான, உறுதியான கால்கள். பார்வைக்கு லட்சணம் போதாது. கவிஞன் பாடமாட்டான், சிற்பி செதுக்கமாட்டான். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கற்குதிரைகளைப் பாருங்கள்; அத்தனையும் ராஜ குதிரைகள். ஊர் எல்லையில் ஐயனாருக்கு வேளார்கள் சுட்டு நிறுத்தும் மண் குதிரைகளைப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேல், விறைத்த காதும் அகன்ற மார்புமாக, அவையும் அந்த ஜாதிதான். நாட்டில் தங்காத குதிரை மண்ணிலும் கல்லிலும் தங்கிவிட்டது. நாட்டில் தங்கிய குதிரைக்கு மண்ணிலும் இடமில்லை, கல்லிலும் இடமில்லை.

மட்டக்குதிரை தங்கிய இடம் மலை. பழநி மலையும் அதை ஒட்டிய சிறுமலையும் அதற்கு நல்ல புகலிடமாக இருந்தன. குளிர்ந்த காற்று, புல், ஓடைத் தண்ணீர், வயல்காட்டு ஈக்களின் தொல்லைக் குறைவு. பாலைவனத்துக் குதிரைக்குச் சமவெளி எவ்வளவு பகையோ, அவ்வளவு நட்பு இந்தச் சின்னக் குதிரைக்கு மலை.

கொடைக்கானலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி அந்த மலையை அளந்து எழுதினார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் அங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அடிவாரத்திலிருந்து மேலே போவதற்கு அப்போது வண்டிச் சாலை இல்லை. பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான். துரைமார் குதிரையில் போனார்கள். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை திறக்கப்படும் வரையில் இதுதான் நிலைமை. சரித்திரம் பாதிரிமாரின் பெயரை வைத்திருக்கிறது; ஏரியைக் கட்டிய லெவிஞ்சியின் பெயரை வைத்திருக்கிறது; உலாவும் பாதை போட்ட கோக்கரின் பெயரை வைத்திருக்கிறது. இவர்களுடைய சாமான்களும் மலைக் கிராமத்தாருடைய சாமான்களும் எந்த முதுகுகளில் ஏறின, எந்தத் தோள்களில் ஏறின என்பதற்கு மட்டும் ஞாபகச் சின்னம் கிடையாது.

இவ்விடத்தில் இந்தக் குதிரையின் தொழிலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பொதி சுமப்பது என்றால் முதுகில் மூட்டையைத் தூக்கி வைப்பதல்ல. முதலில் தடித்த மெத்தை, அதன்மேல் சேணம், பிறகு இரண்டு பக்கமும் எடை சமமாகத் தொங்கும்படி பொதி. ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தாலும் நூறு அடி போவதற்குள் சேணம் சரிந்துவிடும், முதுகு புண்ணாகிவிடும். முதுகு புண்ணானால் குதிரைக்குப் பட்டினி இல்லை, குதிரைக்காரனுக்குத்தான் பட்டினி. ஆகையால் பொதி கட்டுவது ஒரு கலை. பாதை அகலம் ஓர் ஆள் நடக்கிற அளவு. ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் பள்ளம். சுவரில் பொதி இடித்தால் நிலை தவறும் என்பது அதற்குத் தெரியும். ஆகவே பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே நடக்கும். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். குதிரைக்கு ஒன்றுமில்லை. தாழ்ந்த உடம்பு, குட்டைக் கால், கல்லில் தேய்ந்து கெட்டிப்பட்ட குளம்பு. அரபிக் குதிரையிடம் குறையாகக் கருதப்படக்கூடிய ஒவ்வொன்றும் இங்கே அதன் பலம். உயரம் குறைந்தது என்றால் சரிவில் நிலை நன்றாக நிற்கும். அடி சிறியது என்றால் படிக்கல்லில் கால் சரியாக விழும். வேகமில்லை என்றால், மலைப்பாதையில் வேகம் யாருக்கு வேண்டும்?

திண்டுக்கல்லுக்கு அருகே உள்ள சிறுமலையில் இந்தக் குதிரைகள் இன்றும் வாழைத்தார் சுமக்கின்றன. சிறுமலை வாழையின் ருசியை அறியாத மதுரைக்காரர் கிடையாது. தோட்டத்திலிருந்து சாலைக்கு அது எப்படி வருகிறது என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? எலுமிச்சையும் பலாவும் காப்பிக்கொட்டையும் அப்படித்தான் இறங்குகின்றன. பொங்கல் சமயத்தில் அங்கே மாட்டுக்கு நடக்கிற மரியாதை குதிரைக்கும் நடக்கிறது. குளிப்பாட்டி, பொட்டிட்டு, மாலை சூட்டி, அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக்கொண்டு வருகிறார்கள். சமவெளியில் மாட்டுக்கு என்ன இடமோ அந்த இடத்தை மலையில் குதிரை பெற்றிருக்கிறது. ராஜ குதிரைக்குக் கிடைத்தது வெண்ணெயும் பாலும். இதற்குக் கிடைத்தது நன்றி.

கொடைக்கானலுக்குக் கீழே, கும்பக்கரையிலிருந்து ஏறும் பழைய பாதையில் வெள்ளகவி என்று ஒரு கிராமம். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். நெடுங்காலம் வண்டிப் பாதையே இல்லாதிருந்த ஊர். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் பட்டர் புரூட்டும் குதிரை முதுகில் வெளியே போகும். அரிசியும் மண்ணெண்ணெயும் சிமெண்டு மூட்டையும் குதிரை முதுகில் உள்ளே வரும். நத்தம் பக்கத்து மலையூருக்கு அண்மைத் தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறிச் சென்றன. பாண்டியனுடைய குதிரைகள் ஒரு ராஜ்யத்தைக் காப்பாற்றவில்லை. இந்த மட்டக்குதிரை ஜனநாயகத்தைப் பத்திரமாக மலைமேல் கொண்டுபோய்ச் சேர்த்து, எண்ணுவதற்குத் திரும்பவும் கொண்டுவந்து கொடுத்தது!

*

தமிழர் நாட்டில் மட்டக்குதிரைக்கு இன்னொரு புகலிடமும் உண்டு. அது மலையல்ல, தீவு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவில் காட்டுக் குதிரைகளாகத் திரியும் மட்டங்களைப் பார்க்கலாம். போர்ச்சுக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து அங்கே குதிரை வளர்த்தார்கள். லாயங்களின் பவளக்கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் போகவில்லை. கோடையில் குடிக்க நீரில்லாமல் அவை மடிவதும், மழை பெய்தால் மறுபடி தழைப்பதும் அங்கே வாடிக்கை. 2015-இல் இலங்கை அரசு அந்தத் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. கைவிடப்பட்ட குதிரைக்குக் காலம் கடந்தாவது ஒரு மேய்ச்சல் நிலம் கிடைத்தது.

வடக்கே இமயமலைப் பக்கம் போனால் நிலைமை இன்னும் நல்லது. லடாக்கின் சன்ஸ்காரி, இமாசலத்தின் ஸ்பிதி, சிக்கிமின் பூட்டியா, கிழக்கே மணிப்பூரி எல்லாம் உயரம் குறைந்த, உறுதி மிகுந்த குதிரைகள்தாம். அவற்றைத் தனித்தனி இனங்களாக மத்திய அரசின் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் ஏற்றுக்கொண்டு பதிவு செய்திருக்கிறார்கள். சன்ஸ்காரி குறைந்து வருகிறது என்று கண்டதும் 1977-இல் பதும் என்ற இடத்தில் அதற்கென்றே ஒரு பண்ணை ஏற்பட்டது. மணிப்பூரி குதிரையின் முதுகிலிருந்துதான் போலோ விளையாட்டு உலகத்துக்கே போயிற்று. இந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது மராட்டிய நாட்டுப் பீம்தடி. பீமா நதிக்கரையில் வளர்ந்ததால் அந்தப் பெயர். மராட்டியப் படைகளைச் சுமந்த தட்டுக் குதிரை. அழிந்துவிட்டது என்றே பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஆடு மேய்த்து ஊர் ஊராய்ச் செல்லும் தனகர்கள் தங்கள் சட்டி பானைகளையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்ல அதை வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து, இது தனி இனமே என்று இந்தப் பத்தாண்டில் பதிவு செய்தார்கள். சாம்ராஜ்யம் கைவிட்டதை இடையர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக் குதிரை ஒன்றுகூட இல்லை. காங்கேயம் காளைக்கு இடமுண்டு. ராஜபாளையம் நாய்க்குப் பெயருண்டு. அதற்குத் தபால் தலைகூட உண்டு. பழநி மலை மட்டத்துக்கு ஒன்றுமில்லை. அது தனி இனமா, பல சந்தைக் குதிரைகளின் கலப்பா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். கலப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் மட்டக்குதிரைகளையும் காத்தியவாடிக் குதிரைகளையும் மார்வாரிக் குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். எங்கிருந்து வந்திருந்தாலும், மலை ஏறிய பிறகு மலை தனக்குத் தகுந்ததை வைத்துக்கொண்டு தகாததைத் தள்ளிவிடுகிறது. பல தலைமுறைகள் அப்படித் தள்ளிய பிறகு மிஞ்சுவதுதானே இனம் என்பது?

*

இப்போது ஒரு தர்ம சங்கடம் வருகிறது. மலைக்குச் சாலை வந்தால் குதிரைக்கு வேலை போகும். ஜீப்பு போகிற இடத்தில் பொதிக் குதிரை நிற்க முடியாது. போடியிலிருந்து மூணாறுக்குப் போன பாதைகளின் கதையைப் பார்த்தாலே தெரியும். முதலில் பொதி விலங்கும் தலைச்சுமையும். பிறகு மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில், கீழே இறக்கக் கம்பிவடம். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பின் லாரி. ஒவ்வொரு படியிலும் ஒரு முதுகுக்கு ஓய்வு கிடைத்தது. ஒரு வாய்க்குச் சோறு போயிற்று. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிப் பிரயாணிகளின் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரைகளைப் பார்க்கிறோம். பொதி போன பிறகு மிஞ்சிய பிழைப்பு அது.

குதிரை அழகாக இருக்கிறது, ஆகையால் சாலை வேண்டாம் என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இருட்டில் பத்து மைல் இறங்குகிறவர்களிடம் அந்தப் பேச்சைப் பேச முடியாது. சாலை வரட்டும். வர வேண்டும். மலை ஜனங்கள் சாலை கேட்பது குதிரையின்மேல் உள்ள வெறுப்பினால் அல்ல. மனிதர்களாக வாழ வேண்டும் என்பதற்காக.

ஆனால் சாலை வருவதற்கும் குதிரை மறக்கப்படுவதற்கும் இடையே இயற்கையான சம்பந்தம் எதுவும் இல்லை. ஒரு கணக்கெடுப்பு, ஒரு பரிசோதனை, ஒரு சிறு பண்ணை, இவ்வளவுதான் வேண்டும். சன்ஸ்காருக்குச் செய்ததைச் சிறுமலைக்குச் செய்ய முடியாதா? சாலை போட முடியாத தோட்டங்கள் மலையில் எப்போதும் இருக்கும். சரிவில் உள்ள தோட்டத்திலிருந்து சாலை முனை வரையில் பொதி கொண்டுவர ஒரு முதுகு எப்போதும் தேவைப்படும். அந்த முதுகை இழந்த பிறகு தேடினால், மறுபடியும் யாராவது கீஷ் தீவு வியாபாரியிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னே பாண்டிய நாட்டில் நடந்தது வெறும் வியாபார நஷ்டமல்ல. தன் மண்ணில் பிழைக்கக்கூடியதை மதிக்கத் தெரியாமல், பிழைக்க முடியாததை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டிருந்த நஷ்டம் அது. உயரமாக இருந்ததே உயர்ந்தது என்று நினைத்தார்கள். விலை அதிகமானதே மதிப்புள்ளது என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு குதிரையோடு நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. நம் வீட்டில் விளைந்ததைக் கோணல் கால் என்று தள்ளிவிட்டுக் கப்பலில் வந்ததற்குப் பாலும் வெண்ணெயும் வைக்கும் பழக்கம் வேறு பல துறைகளிலும் உண்டு. வாசகர்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே உதாரணம் எடுத்துக்கொள்ளலாம்.

சுந்தரபாண்டியத்தின் மேற்கே நிற்கும் மலைக்கு இதெல்லாம் பழைய செய்தி. சதுரகிரிக்கு ஏறுகிறவர்கள் இன்றும் தங்கள் காலை நம்பித்தான் ஏறுகிறார்கள்; பட்டத்து யானையும் பட்டத்துக் குதிரையும் அந்தப் பாதையில் உதவா. கீழே ராஜாக்களின் பெயர்கள் ஊர்களாகவும் கல்வெட்டுக்களாகவும் கிடக்கின்றன. வடக்கே சில காதம் தள்ளி, பழநி மலைச் சரிவிலும் சிறுமலையிலும், பெயரில்லாத ஒரு சின்னக் குதிரை பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, அடிமேல் அடி வைத்து, சரியாக நடந்துகொண்டிருக்கிறது. அதன் பெயரையும் ஏட்டில் எழுதிவைக்க இன்னும் நேரம் இருக்கிறது.